பன்னிரண்டு சீப்பும் பத்து மூட்டையும்

என் கணவரின் அண்ணன் அந்த வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்து எங்கள் வாசலில் தொப்பென்று இறக்கியபோது மலையில் மஞ்சு மூட்டம் இன்னும் விலகியிருக்கவில்லை. ஆடி மாதத்துக் காலை. நான் அடுப்படியில் காப்பி வடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, எந்திரிச்சு வாடா. வந்து எண்ணிப் பாரு."

என் வீட்டுக்காரர் கம்பளியோடு எழுந்து வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சீப்பையும் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பன்னெண்டு சீப்புண்ணே!"

"இந்த ஒரு தாரு மட்டுமில்ல. காடு பூரா இப்பிடித்தான் தொங்குது. வெள்ளனே போனேன், கண்ண மூடிக்கிட்டுக் கைக்கு அகப்பட்டத வெட்டிக்கிட்டு வந்தேன்."

எங்கள் மலையில் மலைவாழை எட்டுச் சீப்பு தள்ளினாலே அதை நல்ல வருடம் என்போம். பன்னிரண்டு என்பது மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்தில் சொல்கிற கணக்கு. நான் டம்ளரை வைத்துவிட்டுத் தாரின் காம்பைப் பார்த்தேன். காலையில் வெட்டிய காம்பென்றால் பால் வடியும். இது கறுத்துக் காய்ந்து கிடந்தது. வெட்டி இரண்டு நாளாவது ஆகியிருக்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பழனி அடிவாரத்தில் என் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. நடக்கப் பழகிய நாளிலிருந்து மலைவாழைப் பழத்தை உரித்துப் போட்டு வளர்ந்தவள் நான். தாரைப் பார்த்தால் எந்தக் கிழமை வெட்டியது என்று சொல்லிவிடுவேன்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டியவர் இரண்டு நாளாகத் திறக்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி. கல்யாணமாகி ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. வாய் இன்னும் முழுசாகத் திறந்திருக்கவில்லை.

"இனி யோசிக்காதே தம்பி. பட்டுப்போன ஆரஞ்சப் புடுங்கி எறி. வாழையப் போடு. கன்னு நான் தர்றேன். ஒங்கிட்டப் போயி வெலையா கேக்கப் போறேன்?"

என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான் கலங்கியது. எனக்கு விறகுப் புகை.

பூசி மெழுகிய மரங்கள்

ஆரஞ்சைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பெரும்பாறைப் பக்கத்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது, எங்கள் மூன்று ஏக்கர் சரிவு முழுக்கக் கமலா ஆரஞ்சு. பூக்கிற காலத்தில் துவைத்துக் காயப்போட்ட சேலையில்கூட அந்த வாசனை ஏறியிருக்கும். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சொன்ன மகசூலை வைத்துப் பார்த்தால், மதுரை ஜில்லா முழுவதும் எங்கள் பழத்தைத்தான் தின்றுகொண்டிருக்க வேண்டும்.

நான் வந்த இரண்டாம் வருடமே மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. அதற்கும் நான் அடியெடுத்து வைத்த ராசிக்கும் சம்பந்தம் உண்டு என்று ஊரில் இரண்டு மூன்று அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள்.

விவசாய ஆபீசர் ஒருவர் வந்து பார்த்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிமரத்தில் பூசச் சொன்னார். என் வீட்டுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்காத மனிதர் மூவாயிரம் சதுர அடி மரத்துக்கு நீலம் பூசினார். எல்லா மரமும் திருவிழாத் தேர்க்கால் மாதிரி நின்றன. அப்படியே நின்றபடி ஒவ்வொன்றாகச் செத்தன.

ஆபீசர் மறுவருடம் வந்து, "பூச்சு சரியாத்தான் இருக்கு, மரந்தான் ஒத்துழைக்கல" என்றார்.

இரண்டு வருடமாகக் கூடைக்குக்கூடப் பழம் தேறவில்லை. அப்பா கடையிலிருந்து அரிசி வர ஆரம்பித்திருந்தது. அதை நான் சாப்பிட்டேன், என் வீட்டுக்காரரும் சாப்பிட்டார், ஆனால் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்து என்ன நடுவது என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. தப்பான பயிரைப் போட்டால் அடுத்து நடுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் பன்னிரண்டு சீப்பு வந்து வாசலில் இறங்கியது.

ஜீப் நிற்கிற இடத்து மகசூல்

எங்கள் ஊரில் யார் காட்டில் எவ்வளவு விளைந்தது என்பதைக் காட்டுக்குப் போய்ப் பார்க்கிற வழக்கம் கிடையாது. வத்தலக்குண்டு ஜீப் வந்து நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. மகசூல் அங்கேதான் விளையும்.

அதற்கு முறை உண்டு. பங்காளி கேட்டால் ஒன்றரை மடங்கு. சம்பந்தி கேட்டால் இரண்டு மடங்கு. ஆபீசர் கேட்டால் பாதி. கூலிக்கு வந்தவர்கள் கேட்டால், "எங்க விளைஞ்சது, எல்லாம் நட்டம்." ஒரே மனிதர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டீ ஆறுவதற்குள் இந்த நாலையும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். யாரும் திடுக்கிட்டதில்லை.

வேடிக்கை இதில் இல்லை. இப்படி ஒருவருக்கொருவர் சொன்ன பொய்யை வைத்துத்தான் ஒவ்வொருவரும் அடுத்த பருவத்துக்கு என்ன நடுவது என்று முடிவு செய்தார்கள். தான் சொன்னது பொய் என்று தெரிந்தவருக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொன்னதும் அதேதான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு வருடம் இஞ்சி, ஒரு வருடம் பீன்ஸ், ஒரு வருடம் ஊரே சேர்ந்து ஏலக்காய். காடு மாறிக்கொண்டே இருந்தது, பெஞ்சு மட்டும் அப்படியே கிடந்தது.

லெச்சுமி சொன்ன சேதி

லெச்சுமி சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்றாக, புருஷன் ஆறுமுகத்தோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வாரத்தில் மூன்று நாள் எங்கள் காட்டில் வேலை, மூன்று நாள் பெரியவர், அதாவது என் கணவரின் அண்ணன் காட்டில்.

பட்டுப்போன ஆரஞ்சு மரங்களைத் தோண்டி எடுத்துவிட்டு வாழைக்குக் குழி போடத் தொடங்கிய மூன்றாம் நாள், மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சின்னம்மா, இந்தக் குழிக்குக் கன்னு எங்க இருந்துங்க?"

"பெரியவர் காட்டுல இருந்துதான்."

அவள் முகம் மாறியது. சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க வாழை எல்லாம் கொத்து வுழுந்து கெடக்குங்க. எலை விரியாம உச்சியில குத்துக் குத்தா நிக்குது. தாரே தள்ள மாட்டேங்குது. வெட்டிப் பொதைக்கச் சொல்றாரு பெரியய்யா. வெளிய கதைக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு."

"அப்ப அந்தப் பன்னெண்டு சீப்பு?"

"அது தாண்டிக்குடிப் பக்கமிருந்து குதிரையில வந்துச்சுங்க. நான்தானே எறக்கினேன்." அவள் சிரித்தாள். "எங்க தோட்டத்துலயும் இப்பிடித்தாங்க. நாங்க பறிக்கிற கொழுந்து ஒரு எடை, கணக்கப்பிள்ளை எழுதுற எடை ஒண்ணு. கடல் தாண்டி வந்தும் அதே சங்கதி. வெளங்குதுங்களா?"

நன்றாக விளங்கியது. அதற்கு முடிக்கொத்து நோய் என்று பெயர். ஒரு கன்றோடு வந்தால் காட்டையே முடித்துவிட்டுத்தான் போகும். மருந்து கிடையாது. பிடுங்கி அழிக்கலாம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"லெச்சுமிக்குத் தேயிலை தெரியும். வாழையப் பத்தி என்ன தெரியும்?"

"எலை கொத்தா நிக்கிறத பாக்கத் தெரியாதாங்க?"

"எங்க அண்ணன் எனக்குப் பொய் சொல்லுவாரா? நீயே சொல்லு."

சொல்லலாம்தான். ஆனால் அவர் கேட்ட தோரணையிலேயே பதில் வேண்டாம் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை கன்று வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கீரையும் இல்லை, வாழையும் இல்லை

மறுநாள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கீரை பறிக்கக் கிளம்பினேன். எங்கள் காட்டைச் சுற்றிலும் கீரை கிடந்தது. நான் ஒன்றரை மைல் நடந்து பெரியவர் காட்டுக்குப் போனேன்.

ஓடையைத் தாண்டியதும் தெரிந்துவிட்டது. முன்வரிசை மட்டும் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. அதற்குப் பின்னால் ஆள் உயரம்கூட இல்லாத வாழைகள். இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி நின்றன. ஒன்றிரண்டில் தார் வெளியே வர முடியாமல் தொண்டையிலேயே சிக்கியிருந்தது. அரிவாள் சத்தம் கேட்டது. பெரியவர் தனியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. தலைப்பாகையும் இல்லை. டீக்கடையில் பார்க்கிற ஆளாகவே தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அரிவாள் அப்படியே நின்றது.

"எங்க வந்தே ஆத்தா?"

"கீரை பறிக்க வந்தேன் அத்தான்."

"வாழைக்காட்டுல என்ன கீரை?"

"அதான் நானும் பாக்குறேன். கீரையும் இல்ல, வாழையும் இல்ல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையிலிருந்த வாழைக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தையில வள்ளிக்குக் கல்யாணம். மாப்பிள வீட்டுல வாழைத் தோட்டத்தப் பாத்துத்தான் சம்மதிச்சாங்க. இது தெரிஞ்சா நாளைக்கே தாம்பூலத்தத் திருப்பி அனுப்பிருவாங்க."

"அதுக்கு எங்க காட்டுல எதுக்கு அத்தான் கன்னு?"

"தம்பியே எங்கிட்டக் கன்னு வாங்கி நடுறான்னா, என் காட்டுல சீக்கு இருக்குன்னு எவன் நம்புவான்?"

எவ்வளவு அழகான ஏற்பாடு. அவர் காடு நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் காடு சாட்சி. சாட்சி சொன்ன கையோடு சாகவும் வேண்டும்.

திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அவர் மகள் வள்ளி என் கையில் வளர்ந்த பெண். தலை பின்னிவிட என்னிடம்தான் வருவாள். அந்த முகம் நினைவுக்கு வந்ததும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"நான் யாருக்கும் சொல்லல. ஆனா எங்க காட்டுக்கு அந்தக் கன்னு வரக் கூடாது."

"நான் குடுக்க மாட்டேன்னா அவன் ஏன்னு கேப்பானே?"

"அவரே வேணாம்னு சொல்லும்படி நான் பாத்துக்கிறேன்."

சவரியப்பன் பிறந்த கதை

அன்று மாலை நான் ஒரு மனிதரைப் படைத்தேன்.

பெயர் சவரியப்பன். ஊர் பன்றிமலைப் பக்கம். காப்பித் தோட்டக்காரர். அப்பா கடைக்குப் பஞ்சாமிர்தம் வாங்க வருவார். ஆரஞ்சு பட்டுப்போன சரிவில் காப்பி நட்டு, நிழல்மரத்தில் மிளகைப் படரவிட்டு, ஏக்கருக்குப் பத்து மூட்டை எடுக்கிறார்.

"பத்து மூட்டையா?" என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"மிளகு தனிங்க."

"காப்பி காய்க்க நாலு வருசம் ஆகுமே?"

"அதுவரைக்கும் ஊடால பந்தல் போட்டுச் சவ்சவ் விடுறாராம். ஆறே மாசத்துல காய். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லையாம்."

நேரில் பார்த்த லெச்சுமியை நம்பாத மனிதர், உலகத்திலேயே இல்லாத சவரியப்பனை அரை நாழிகையில் நம்பினார். மறுநாள் காலையில் அண்ணனிடம் போய், கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்த வருடம் காப்பி போடலாம் என்று பார்க்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். பெரியவர் ரொம்பவும் வருத்தப்பட்டு, பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தாராம். நல்ல நடிகர். டீக்கடையில் வீணாகிப் போனார்.

அந்த வாரக் கடைசிக்குள் சவரியப்பன் ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்டார். டீக்கடையில் ஒருவர், "அவர எனக்கு நல்லாத் தெரியும். செவத்த ஆளு, எப்பவும் குடையோடதான் வருவாரு" என்றாராம். இன்னொருவர் அவருக்கு ஒரு கால் கொஞ்சம் தாங்கல் என்றாராம். மூன்றாமவர், பத்து மூட்டை பழைய கணக்கு, இப்போது பன்னிரண்டு எடுக்கிறார் என்று திருத்தினாராம்.

என் வீட்டுக்காரருக்கு இந்த உண்மை இன்றுவரை தெரியாது. இந்த வாரம் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். பத்திரிகை வீட்டுக்கு வருகிற அன்று நான் பழனியில் என் தங்கை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

குதிரை மேல் ஏறிய கன்றுகள்

கதை அதோடு முடிந்திருந்தால் நான் புத்திசாலி என்று பெயர் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பத்து நாள் கழித்து லெச்சுமி வந்தாள். அன்று அவளுக்கு எங்கள் காட்டில் வேலை இல்லை. காதில் தோடும் இல்லை.

தோட்டை விற்று, மேட்டில் ஒரு துண்டு நிலத்தை ஆறுமுகம் குத்தகைக்குப் பிடித்திருந்தான். வந்த நாட்டில் முதன்முதலாக, தனக்கென்று ஏதாவது நடப்போகிறவன். அவனுக்குப் பெரியவர் வாழைக்கன்று இனாமாகக் கொடுக்கிறாராம். நாளைக் காலையில் குதிரையில் ஏற்றுகிறார்களாம். தம்பி நடவில்லை என்றால் யாராவது ஒருவன் நட்டாக வேண்டுமே.

"நீ சொல்லலையா லெச்சுமி?"

"தலபாடா அடிச்சுக்கிட்டேங்க. 'அத்தாம் பெரிய மனுசன் நமக்குப் போயி கெடுதல் செய்வாரா'ங்கிறாரு."

இரண்டு வீட்டுப் புருஷன்மாரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை அங்கேயும் செய்து பார்த்தேன். ஆறுமுகத்தைக் கூப்பிட்டுச் சவரியப்பனைப் பற்றிச் சொன்னேன். அவன் மரியாதையாக நின்று கேட்டான்.

"நல்ல சேதிதாங்க. ஆனா நிழல்மரம் வேணும், நாத்து வேணும், பந்தலுக்குக் கம்பி வேணும். நாலு வருசம் நாங்க எதைங்க திங்கிறது? கன்னு சும்மா வருதுங்களே."

என் பொய், சொந்த நிலமும் மாமனார் வீட்டு அரிசியும் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்று அப்போதுதான் உறைத்தது.

லெச்சுமி போகும்போது ஒன்று சொன்னாள். "நான் சொன்னா அது சண்டைங்க. நீங்க சொன்னா சேதி. ஒரு வார்த்த சொல்லிடுங்க சின்னம்மா."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வள்ளியின் கல்யாணத்துக்கு எடுத்த சேலை அவள் அம்மா பாக்கியம் அக்காவிடம் இருந்தது. நானும்தான் கூடப் போய் எடுத்திருந்தேன். அரக்குச் சிவப்பு. இன்னும் நாலரை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்தப் பெண் அதைக் கட்டிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் லெச்சுமியின் தோடு மண்ணுக்குள் போய்விடும்.

காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். என் வீட்டுக்காரரும் இருந்தார். குதிரையின் இரண்டு பக்கமும் கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் டீ டம்ளரோடு நின்று, தாருக்குப் பன்னிரண்டு சீப்பு என்று ஆறுமுகத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்தக் கன்னு வேணாம்."

எல்லோரும் திரும்பினார்கள். குதிரை மேலிருந்து ஒரு கன்றை உருவி, இலைக்காம்பில் ஓடிய கரும்பச்சைக் கோடுகளைக் காட்டினேன்.

"இது முடிக்கொத்து விழுந்த காட்டுக் கன்னு. நட்டா ஒரு காயும் தேறாது, ஆறுமுகம். நானே கண்ணால பாத்துட்டு வந்தேன்."

பொம்பளைக்கு என்ன தெரியும் என்று பெரியவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெஞ்சில் அத்தனை பேரும் அவர் பக்கம்தான் நின்றிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். குதிரையிடம் போய்த் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். கன்றுகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்தன. யாரையும் பார்க்காமல் தன் காட்டுப் பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"சொன்னேங்க."

"சொன்னே, சரி. உறுதியாச் சொல்லணுமில்ல?"

பாக்கியம் அக்கா கேட்டது

நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பில் வந்தார்கள். பெரியவர் ஒன்றையும் மறைக்காமல் காட்டைச் சுற்றிக் காட்டினாராம். அவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை நான் அங்கே போனேன். பாக்கியம் அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஒன் காடு பொழைச்சிருச்சு சொர்ணம். லெச்சுமி காடும் பொழைச்சிருச்சு. எம் மக கல்யாணம் போச்சு. நீ எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல? மொதல் நாளே வந்து சொல்லியிருந்தா நானே அந்தக் கயித்த அவுத்திருப்பேன்."

இந்தத் தொடரில் எல்லோரையும் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். இந்த இடத்தில் என்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அக்காவிடம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்கள் முடிவு செய்கிற விஷயத்தை ஆண்களிடம் சொன்னால்தான் ஆகும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். வள்ளி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை பின்னாமல் கிடந்தது. நான் உள்ளே போகவில்லை.

அதன் பிறகு பெரியவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கோயில் கும்பிடுக்குக் கூடினாலும் நான் நிற்கிற பக்கம் முகம் திருப்ப மாட்டார். ஆறுமுகம் குத்தகை நிலத்தில் பீன்ஸ் போட்டான். மூன்று போகம் கழித்து லெச்சுமி காதில் தோடு ஏறியது, பழையதைவிடச் சின்னதாக.

வள்ளிக்கு மறு வருடம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் ஆனது. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது என்னைத் தேடி வந்தாள். "அவருக்கு மாசம் பொறந்தா ஒரே மகசூல்தான் சித்தி. கூட்டியும் சொல்ல முடியாது, கொறைச்சும் சொல்ல முடியாது" என்று சிரித்தாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள் என்று தெரியும். தேறிக்கொண்டேன்.

முடிக்கொத்து அதற்குள் மலை முழுக்க இறங்கிவிட்டது. ஒருவர் காட்டில் பார்த்ததை அடுத்தவர் காட்டில் சொல்லாமல் எல்லோருமே காப்பாற்றிய ரகசியம் அது. கடைசியில் ரகசியம் மட்டும்தான் மிஞ்சியது, வாழை இல்லை.

மூன்று மூட்டை

எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். எங்கள் காப்பி முதன்முதலாகக் காய்த்தது. பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டினோம். ஏக்கருக்கு மூன்று. மிளகு இரண்டு சின்னச் சாக்கு. என் வீட்டுக்காரர் டீக்கடையில் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசி மாத மத்தியானம் ஒன்று. களத்தில் கடைசிக் காப்பிக் கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தேன். வேலிப் படலைத் திறக்கிற சத்தம். பெரியவர். நாலைந்து வருடத்தில் ரொம்பவும் வற்றிப்போயிருந்தார். அவருடைய காடு வாழை எடுத்த குழிகளோடு அப்படியே புல் மண்டிக் கிடந்தது.

"தம்பி இல்லையா?"

"வத்தலக்குண்டு போயிருக்காரு அத்தான். சாயங்காலம் வந்துருவாரு."

"அவன் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன்."

களத்து ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பிடி கொட்டையை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஏக்கருக்கு எம்புட்டுத்தா வந்துச்சு? அவன் ஊருல எட்டுங்கிறான்."

"மூணு அத்தான்."

"மூணா?"

"மூணுதான். அடுத்த வருசம் கொஞ்சம் ஏறும். அஞ்சுக்கு மேல இந்த மண்ணுல வராதுன்னு நெனைக்கிறேன். நாலு வருசமும் சவ்சவ்தான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. ரெண்டு தடவ பந்தல் காத்துல சாஞ்சிருச்சு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வருடங்களில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த கொட்டையைச் சிந்தாமல் களத்திலேயே போட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாத்து எப்பத் தருவே?"

"புரட்டாசியில மழ விழுந்ததும் தர்றேன்."

"வெரசா சொல்லிவிடு. குழிய இப்பவே வெட்டி ஆறப் போடுறேன்."

நான் இந்த மலையில் வாழ்கிற இத்தனை காலத்திலும், நிஜமான மகசூலைக் கேட்டு, அதை நம்பி, அதன்படி ஒருவர் பயிர் வைத்ததை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். கேட்ட கணக்கு மோசமான கணக்குதான். இருந்தும் புரட்டாசி முதல் மழைக்கு மறுநாளே கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். பாக்கியம் அக்காவும் கூட வந்திருந்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து நாற்றைக் கூடையில் அடுக்கினோம்.